நீலத் தட்டில் ஆறு புனல்கள்

தில்லி கரோல் பாக்கில் பல்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அபூர்வாவின் துப்பறியும் நிலையம். லிப்ட் கிடையாது. வருகிறவர்கள் மூச்சிரைக்க வந்து, நாற்காலியில் சாய்ந்து, மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு ஏற்கெனவே காதல் ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்த பெண்ணுக்கு மூச்சிரைக்கவில்லை. அழுது முடித்தவர்களுக்கு வருமே ஒரு நிதானம், அதோடு படியேறி வந்திருந்தாள்.

பெரியண்ணன் டீ கொண்டுவந்து வைத்தார். வயது அறுபத்து மூன்று. முப்பத்தாறு வருஷம் மத்திய அரசின் ஏதோ ஒரு அமைச்சகத்தில் கோப்பு தள்ளிவிட்டு ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்கே உதவியாளராகச் சேர்ந்தவர். முதலாளி அபூர்வா அவரைவிட இருபத்தேழு வயது இளையவள். அதனால் என்ன, அவர் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். அந்த மேடத்தில் கொஞ்சம் கிண்டலும் இருக்கும்.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து டிஷ்யூ தாள் ஒன்றை எடுத்து, முக்கோணமாக மடித்து, டீ கிளாசுக்கு அடியில் வைத்தாள்.

"டேபிள் பழசும்மா. டீ சிந்துனாத்தான் அதுக்கு ஒரு பளபளப்பே வரும்," என்றார் பெரியண்ணன்.

"பழக்கம் அங்கிள். எங்க லேப்ல எதைக் கீழ வெச்சாலும் அடியில ஒண்ணு வெச்சுடுவேன்."

பெயர் ஷ்ருதி. வயது இருபத்தைந்து. ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் புராஜெக்ட் அசிஸ்டென்ட். அவளுடைய அப்பா மகாதேவனும் அதே நிறுவனத்தில்தான் வேலை பார்த்தார், வேறு கட்டடத்தில். ஆய்வகத்துக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கொடுக்கும் அறை அவருடைய பொறுப்பு. இருபத்தாறு வருஷம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அந்த அறையில் ஒரு குடுவை வெடித்தது. புதன்கிழமை அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

"அம்மா?" என்றாள் அபூர்வா.

"எனக்கு ஒன்பது வயசுல போயிட்டா. நானும் அப்பாவும்தான். இப்போ... நான் மட்டும்தான்."

பெரியண்ணன் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஷ்ருதி ஒரு தாளை நீட்டினாள். நாலே வாக்கியம், ஆங்கிலத்தில். மகாதேவன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் தன் கையால் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பு. அபூர்வா அதைத் தமிழில் படித்துச் சொன்னாள்.

"இது என் கவனக்குறைவு. புனலை நானே அசிட்டோன்ல அலசி வெச்சிருந்தேன். மறந்துபோய் அதுல ஆசிட் ஊத்தினேன். வேற யாரும் இதுக்குப் பொறுப்பு இல்லை."

"அவரே ஒத்துக்கிட்டாரே," என்றார் பெரியண்ணன், தணிந்த குரலில்.

"அப்பா மறக்கற ஆளே இல்லை அங்கிள். கேஸ் மூடினோமான்னு மூணு தடவை பார்த்துட்டுத்தான் செருப்பு போடுவார். நாளைக்குப் பதினொரு மணிக்கு விசாரணைக் கமிட்டி ரிப்போர்ட் கொடுக்கறது. சொந்தக் கவனக்குறைவுன்னு எழுதி ஃபைலை மூடிடுவா. இருபத்தாறு வருஷத்துக்கு அப்பறம் அவர் பேர் பக்கத்துல அந்த ஒரு வார்த்தைதான் நிக்கும். அது நிஜமான்னு எனக்குத் தெரியணும்."

"ஒரிஜினல் இருக்கா?" என்றாள் அபூர்வா.

"கமிட்டிகிட்ட. தமிழ்ல எழுதியிருக்கார். என்கிட்ட இருந்தாலும் பிரயோஜனம் இல்லை மேம். நான் பேசுவேன், படிக்க வராது."

"எனக்கும் அதே கதைதான்," என்றாள் அபூர்வா. "அன்னிக்கு நீ எங்கே இருந்தே?"

"எங்க லேப்ல. நாலாவது பில்டிங். திங்கட்கிழமைன்னா அப்பா மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிட்டு ஒன்பதரைக்குத்தான் வருவார். நான் முன்னாடியே போயிட்டேன்."

சொல்லும்போது அவள் பார்வை டீ கிளாசில் இருந்தது. அவள் டீயைக் குடிக்கவே இல்லை என்பதைப் பெரியண்ணன் பிறகுதான் கவனித்தார்.

*

நிறுவனத்துக்குள் துப்பறிகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டு நுழைய முடியாது. ஷ்ருதி கொடுத்த கடிதம் கைகொடுத்தது: 'என் தந்தையின் உடைமைகளை இவர்களிடம் ஒப்படைக்கவும்.' நிர்வாகப் பிரிவு அதிகாரி அச்சுதன் சாவியோடு முன்னால் நடந்தார். பாலக்காட்டுக்காரர். பதினைந்து நிமிஷத்தில் வேலை முடியவேண்டும் என்று மூன்று முறை சொல்லிவிட்டார்.

"இந்த ரூமுக்கு எத்தனை சாவி?" என்று கேட்டாள் அபூர்வா.

"ரெண்டு. ஒண்ணு அவர் பாக்கெட்ல இருந்தது, இப்போ என்கிட்ட. இன்னொண்ணை ஆத்துல வெச்சிருந்தாராக்கும். அவர் இல்லாம யாரும் உள்ளே போறதில்லை மேடம். சாமானை ஜன்னல்ல வெச்சுட்டுப் போவா, கழுவினதை ஜன்னல்லயே வாங்கிண்டு போவா."

கதவு திறந்தது. தரையில் ஒரு இடத்தில் மட்டும் சிமெண்டு மஞ்சளாக வெந்து போயிருந்தது. சிதறிய கண்ணாடியைப் பெருக்கி ஒரு பெட்டியில் போட்டு ஒட்டியிருந்தார்கள். மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது. ஆணியில் அவருடைய காக்கி ஸ்வெட்டர், மேஜை மேல் டிபன் டப்பா, மூக்குக் கண்ணாடி. சுவரில் முருகன் படம். படத்தைச் சுற்றிலும் அட்டைகள், ஒவ்வொன்றிலும் குண்டு குண்டான கையெழுத்து.

"மேடம், எல்லாம் தமிழு!" என்றார் பெரியண்ணன். "முப்பத்தாறு வருஷம் தில்லி ஆபீஸ்ல இருந்தேன், சுவத்துல ஒரு 'அ' பாத்ததில்லை. இந்த மனுஷன் ஒரு நூலகமே நடத்தியிருக்காரு."

"தனி ஆளுன்னா அவருக்குப் புரிஞ்சா போறுமே," என்றார் அச்சுதன்.

"படிங்க சார், ஜல்தி," என்றாள் அபூர்வா.

பெரியண்ணன் படித்தார்.

"கீறல் விழுந்த குடுவையை உறிஞ்சும் பம்பில் மாட்டாதே, உள்ளே இழுத்து நொறுங்கும். சரி, இது எனக்கு முதல்ல தோணுன விடை. குடுவையில கீறல்."

அபூர்வா மூலையில் இருந்த மரப்பெட்டியைக் காட்டினாள். அதில் பத்துப் பன்னிரண்டு குடுவைகள், ஒவ்வொன்றிலும் கீறலைச் சுற்றி மையால் வட்டம் போட்டு ஒதுக்கியிருந்தார். கண்ணுக்கே தெரியாத கீறலைக்கூட விடவில்லை.

"அந்த விடை பெட்டிக்குள்ள போயிருச்சு. அடுத்தது," என்றாள்.

"சவ்வுத் தாள்: அசிட்டோனில் கரையும். வெள்ளை டெஃப்லான் தாள் மட்டும் எதையும் தாங்கும். பிளாஸ்டிக் கோப்பை: சோப்புத் தண்ணீர் மட்டும். அசிட்டோன் பட்டால் பாலாடை போல வெளுத்து விரிசல் விடும். அடியில சிவப்பு மையில ரெண்டு கோடு போட்டு... 'அசிட்டோன் இந்த அறைக்குள் வரக் கூடாது.' மேடம்!"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அசிட்டோன்னா நகப்பூச்சை அழிக்கற சமாசாரம்தானே? அது மேல இவருக்கு என்ன கோபம்?"

அதற்கும் ஒரு அட்டை இருந்தது. கண்ணாடிப் புனலின் அடியில் பொடிக் கண்ணாடியை இறுக்கிச் செய்த ஒரு வட்டு உண்டு, வடிகட்டுவது அதுதான். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரத்தை விடாது. அதில் படிந்த கறை சோப்புக்குப் போகாவிட்டால் நைட்ரிக் ஆசிட் ஊற்றி இறக்கவேண்டும். உள்ளே துளி அசிட்டோன் ஒளிந்திருந்தால் ஆசிட் அதோடு சேர்ந்து சீறும், குடுவை தாங்காது. இதையெல்லாம் மகாதேவன் நாலு வரியில் எழுதி வைத்திருந்தார். கீழே ஒரு வரி தனியாக: 'யார் கழுவிக் கொடுத்தாலும் மறுபடி தண்ணீரில் அலசு.'

சலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு தட்டுகள். சிவப்புத் தட்டுக்கு மேலே இருந்த அட்டை: 'கரைப்பான் பட்டவை. அமிலத்தின் பக்கம் போகாதே.' நீலத் தட்டுக்கு மேலே: 'தண்ணீர் மட்டும் பட்டவை. அமிலத்துக்குத் தயார்.'

நீலத் தட்டில் ஐந்து புனல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆறாவது இருந்த இடம் காலி. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் இருந்தது. அபூர்வா கையுறை போட்டுக்கொண்டு அதை வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கவேண்டிய கோப்பை ஒரு பக்கம் முழுக்க வெளுத்து, மெல்லிய விரிசல் ஓடிக் கிடந்தது.

"பாலாடை!" என்றார் பெரியண்ணன்.

"இதைக் கழுவினவருக்குக் கண்ணாடி தெரியும், பிளாஸ்டிக் தெரியாது. அசிட்டோனை வெளியிலிருந்து கொண்டுவந்து, எல்லாத்தையும் ஒரே மாதிரி அலசி, நீலத் தட்டில வெச்சிருக்காங்க. சுவர் முழுக்க எழுதி வெச்ச மனுஷன் இதைச் செய்வாரா?"

"செய்யவே மாட்டாரு! முடிஞ்சுது மேடம் கேஸு. பதினஞ்சு நிமிஷத்துல இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருக்கு. அச்சுதன் சார், ஒரு சாயா சொல்லுங்க." பெரியண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. காலையிலிருந்து அவர் நெஞ்சில் ஒரு கல் கிடந்தது. அந்தப் பெண்ணிடம் போய் 'உங்கப்பா மறக்கலைம்மா' என்று சொல்லப்போகிறோம் என்று நினைத்ததும் அது கரைந்த மாதிரி இருந்தது.

அபூர்வா சிரிக்கவில்லை.

"அவர் செய்யலை. அப்போ ஏன் தான்தான் செஞ்சேன்னு எழுதினார்? சாகப்போற மனுஷன் எதுக்குப் பொய் சொல்லணும்?" அவள் அச்சுதன் பக்கம் திரும்பினாள். "அந்த வாக்குமூலத்தை ஆங்கிலத்தில மாத்தினது யாருங்க?"

அச்சுதன் தன் ஸ்வெட்டர் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான்தான். இங்கே தமிழ் படிக்கத் தெரிஞ்சவா வேற யார் இருக்கா?"

"ஒரிஜினல் பாக்கணும்."

"அது கமிட்டியோட பேப்பராக்கும்..."

"உங்க மொபைல்ல ஒரு போட்டோ இருக்கும். படம் எடுக்காம வீட்டுல உக்காந்து மொழிபெயர்த்திருக்க மாட்டீங்க."

அச்சுதன் வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு மொபைலை எடுத்து, படத்தைத் தேடி, பெரியண்ணனிடம் நீட்டினார்.

காயம்பட்ட கையால் எழுதியது. எழுத்துகள் ஏறி இறங்கி நடந்திருந்தன. பெரியண்ணன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

"இது என் கவனக்குறைவு. புனலை நானே அசிட்டோனில் அலசி வைத்திருந்தேன். மறந்துபோய் அதில் அமிலம் ஊற்றினேன். வேறு யாரும் இதற்குப் பொறுப்பு இல்லை..."

நின்றுவிட்டார்.

"என்ன சார்?"

"இன்னொரு வரி இருக்கு மேடம்."

"குடும்ப விஷயமாக்கும் அது," என்று அவசரமாகச் சொன்னார் அச்சுதன். "பொண்ணைத் தொந்தரவு பண்ணாதேங்கோன்னு கேக்கறார், பாவம். கமிட்டிக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

பெரியண்ணன் அந்த ஐந்தாவது வரியைப் படித்தார்.

"ஷ்ருதியிடம் எதுவும் கேட்க வேண்டாம்."

சாகக் கிடக்கும்போது ஒரு அப்பா தன் பெண்ணைப் பற்றி எழுதலாம்தான். ஆனால் வேறு கட்டடத்தில், வேறு வேலையில் இருந்த பெண்ணிடம் இந்த அறையைப் பற்றி யார் எதைக் கேட்கப்போகிறார்கள்? யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டுவிடுவார்களோ என்று பயந்தவர் அவர் ஒருவர்தான்.

அபூர்வா நீலத் தட்டின் பக்கம் குனிந்தாள். ஒரு புனலை மெதுவாகத் தூக்கினாள். அடியில் ஒரு டிஷ்யூ தாள் இருந்தது. அடுத்ததைத் தூக்கினாள். அதற்கும் ஒன்று. ஐந்துக்கும் இருந்தது, ஆறாவது இருந்த இடத்தில் கசங்கிய ஒன்று. எல்லாம் முக்கோணமாக மடித்தவை.

காலையில் டீ கிளாசுக்கு அடியில் இதே மடிப்பைப் பார்த்துத்தான் பெரியண்ணன் கிண்டல் செய்திருந்தார்.

"வீட்டில இருந்த ரெண்டாவது சாவி," என்றாள் அபூர்வா.

*

ஆட்டோ ரிங் ரோட்டில் நகராமல் நின்றது. நவம்பர் மாதத்துப் புகை மதியமே சூரியனை மறைத்திருந்தது. பெரியண்ணன் மடியில் காக்கி ஸ்வெட்டரும் டிபன் டப்பாவும் இருந்தன. டப்பாவை அவர் திறக்கவில்லை. திறந்து கழுவியிருக்க மாட்டார்கள்.

"அப்பாவுக்கு முழங்கால் வலியோ என்னவோ," என்றார். "திங்கட்கிழமை கோயில் படி ஏறிட்டு வருவாரு, வந்து நின்னுக்கிட்டே கழுவணும். நாம முன்னாடி போய் முடிச்சு வெச்சா சந்தோஷப்படுவாருன்னு போயிருக்கு புள்ளை. அவங்க லேப்ல சீக்கிரம் காயறதுக்கு அசிட்டோன்லதான் அலசுவாங்கன்னு அச்சுதன் சொன்னாரே. அதையே இங்கேயும் செஞ்சிருக்கு. அம்புட்டுதான். ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை."

"அவர் வந்து பார்த்திருப்பார். தாளைப் பார்த்ததும் யாருன்னு தெரிஞ்சிருக்கும்," என்றாள் அபூர்வா. "சிரிச்சிருப்பார் சார். அதான் மறுபடி அலசலை. யார் கழுவிக் கொடுத்தாலும் அலசுன்னு எழுதி வெச்ச மனுஷன், இருபத்தாறு வருஷத்தில அன்னிக்கு ஒருநாள் அலசலை."

ஆட்டோ இரண்டடி நகர்ந்து மறுபடி நின்றது.

"மேடம், நான் ஒண்ணு சொல்றேன். நமக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னு சொல்லிருவோம்."

"பொய்யா?"

"ஆமா, பொய்தான். அந்த மனுஷன் வெந்துபோன கையால அஞ்சு வரி எழுதினாரு. நாலு வரி பொய். எதுக்கு? அந்தப் புள்ளைக்கு இது தெரியக் கூடாதுன்னு. நாம போய் அதை உடைக்கணுமா? நம்மளைக் கையாலாகாதவங்கன்னு திட்டட்டும். போகட்டும்."

அவர் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ள ஸ்வெட்டரைத்தான் கை தேடியது, சட்டென்று விட்டுவிட்டார்.

அபூர்வா மறுத்துத் தலையசைத்தாள்.

"அவ தினமும் புனல் கழுவற பொண்ணு சார். இன்னிக்கு இல்லைன்னா அடுத்த வருஷம், ஏதோ ஒரு நாள், அசிட்டோன் பாட்டிலைக் கையில எடுக்கும்போது அவளுக்கே புரியும். அப்போ பக்கத்தில யாரும் இருக்க மாட்டாங்க. அவளுக்குன்னு வீட்டிலயும் யாரும் இல்லை." பிறகு சொன்னாள்: "எனக்கும் சொல்ற தைரியம் இல்லை. ஆனா போகணும்."

ஷ்ருதியின் வீடு இருக்கும் ஆர்.கே.புரம் வரும்வரை பெரியண்ணன் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. ஆட்டோக்காரர்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

*

அரசுக் குடியிருப்பில் முதல் மாடி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி வரிசை, அதில் கடைசியில் நீலக் கயிறு கட்டிய சாவி. ஷ்ருதி அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு டீ போட்டு எடுத்துவந்தாள். இரண்டு டிஷ்யூ தாள்களை மடித்து ஸ்டூலில் வைத்தாள். மேலே கிளாஸ்களை வைத்தாள்.

நிமிர்ந்தபோது இரண்டு பேரும் அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷ்ருதி மெல்ல எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பார்த்துட்டேள்," என்றாள். "ஆறுக்கும் வெச்சேன் அங்கிள்."

பெரியண்ணன் மடியிலிருந்த ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டார். ஷ்ருதி தொடர்ந்தாள்.

"அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஞாயித்துக்கிழமை ராத்திரி எண்ணெய் தேய்ச்சுண்டே, நாளைக்கு ஆறு புனல் இருக்குன்னு சொல்லிண்டிருந்தார். எட்டரைக்குப் போய் முடிச்சு வெச்சுட்டு எங்க லேபுக்குப் போயிட்டேன். சர்ப்ரைஸ்... அதாவது, சாயங்காலம் சொல்லலாம்னு." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். காலையில் இரைக்காத மூச்சு இப்போது இரைத்தது. "முதல்கட்ட ரிப்போர்ட்ல அசிட்டோன்னு பார்த்ததும் என்னாலதானோன்னு பயந்துட்டேன். அப்பறம் அப்பாவே தான்தான்னு எழுதியிருக்கார்னு தெரிஞ்சது. அப்போ நான் அலசினது வேற, அவர் எடுத்தது வேறன்னு நம்பினேன். மூணு வாரம் நம்பிப் பார்த்தேன். முடியலை. வேற யாராவது போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லட்டும்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

அபூர்வா எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தோளைத் தொட்டாள். துப்பறிகிறவளுக்கு அதற்கு மேல் செய்யத் தெரியவில்லை.

"நீலத் தட்டுக்கு மேல ஒரு அட்டை இருந்ததே," என்றாள் ஷ்ருதி. "அதுல என்ன எழுதியிருக்கு அங்கிள்?"

பெரியண்ணன் சொன்னார். தண்ணீர் மட்டும் பட்டவை, அமிலத்துக்குத் தயார். பக்கத்து அட்டையையும் சொன்னார். அசிட்டோன் இந்த அறைக்குள் வரக் கூடாது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"இங்கே தமிழ்ச் சங்கத்துல சனிக்கிழமை கிளாஸ் இருந்தது. ரெண்டு வருஷம் போனேன். போரடிக்கறதுன்னு நான்தான் நிறுத்தினேன். அப்பா ஒண்ணுமே சொல்லலை. சரிடா கண்ணான்னுட்டார்."

பெரியண்ணனுக்குக் குர்காவ்னில் இருக்கும் தன் மகன் ஞாபகத்துக்கு வந்தான். அப்பா தமிழில் செய்தி அனுப்பினால் 'வாய்ஸ் நோட் போடுப்பா' என்று பதில் போடுகிறவன். அவரும் இன்றுவரை சரிடா என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"இன்னொரு அட்டையும் இருந்துச்சு தாயி," என்றார். "யார் கழுவிக் கொடுத்தாலும் மறுபடி தண்ணியில அலசுன்னு. அவரு எழுதுனது, அவரு சட்டம். அன்னிக்கு அவரும் அதைச் செய்யலை. கவனக்குறைவுன்னு அவர் எழுதுனது முழுப் பொய் இல்லை. அதையும் நீ தெரிஞ்சுக்கணும்."

"ஏன் செய்யலை?"

"தாளைப் பாத்திருப்பாரு. நீதான்னு தெரிஞ்சிருக்கும்."

அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பெரியண்ணன் ஸ்வெட்டரை அவள் மடியில் வைத்தார். அவள் அதை முகத்தில் அழுத்திக்கொண்டாள். வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள், கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்பா எழுதினதைப் பார்க்கணும்."

பெரியண்ணன் அச்சுதனிடம் கெஞ்சி வாங்கிவந்த படத்தைத் திறந்து, ஐந்து வரியையும் படித்துக் காட்டினார். கடைசி வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

"இதுல என் பேர் எது?"

அவர் விரலை வைத்துக் காட்டினார். அந்த ஒரு சொல்லில் மட்டும் மகாதேவனின் எழுத்து கோணவில்லை. நிறுத்தி, நிதானமாக எழுதியிருந்தார். ஷ்ருதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொபைல் திரை தானாக அணைந்தது. அவள் தொட்டு மறுபடி ஏற்றினாள்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு நான் கமிட்டிக்குப் போறேன்," என்றாள்.

"அப்பா வேண்டாம்னு எழுதியிருக்காரேம்மா," என்றார் பெரியண்ணன். தன் குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது.

"என்கிட்ட கேட்க வேண்டாம்னு அவாளுக்கு எழுதியிருக்கார் அங்கிள். எனக்கு ஒண்ணும் எழுதலை." "கேஸ் மூடினோமான்னு மூணு தடவை பார்க்கறவர். அவர் பேர் பக்கத்துல மறதின்னு இருக்கப்படாது. மறுபடி அலசலைன்னு வேணும்னா எழுதிக்கட்டும், அது நிஜம். மத்ததை நான் சொல்றேன்."

"நாங்க கூட வர்றோம்," என்றாள் அபூர்வா.

ஷ்ருதி தலையசைத்தாள். பிறகு, விருந்தாளிகள் ஞாபகம் வந்தவளாக, "டீ ஆறிடுத்து, குடிங்கோ," என்றாள்.

பெரியண்ணன் கிளாசை எடுத்தார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். கீழே வைக்கப் போனவருக்கு அந்த முக்கோணத் தாள் கண்ணில் பட்டது. அதன்மேல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அங்கிருந்து கிளம்பும்வரை வெறும் கிளாசைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.